சகடையின் முதுகு

என் கையால் செய்த முதல் விமானத்தில் என் பற்களின் அடையாளம் இருந்தது. வேலியில் நின்ற முள்முருக்கில் ஒரு தடி வெட்டிச் செதுக்கியது அது. முள்முருக்கு பச்சையாக இருக்கும்போது கத்திக்கு இடம் கொடுக்கும். காய்ந்ததும் கையில் பாரமே தெரியாது. உடல் ஒரு சாண் நீளம். சிறகுகளை விளாம்பிசின் வைத்து ஒட்டியிருந்தேன். பெயின்ற் கிடைக்காத காலம் என்பதால், வெள்ளைச் சட்டைக்குப் போடுகிற நீலத்தைக் கரைத்து வயிற்றுப்பக்கத்தில் மட்டும் பூசியிருந்தேன். குண்டுவீச்சு நேரத்தில் பங்கர் என்கிற பதுங்குகுழிக்குள் குப்புறக் கிடக்கும்போது, காது அடைத்துப் போகாமல் இருக்கப் பல்லுக்கிடையில் எதையாவது கடித்துக்கொள்ள வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். மற்றவர்கள் துணியையோ தடியையோ கடித்தார்கள். நான் விமானத்தைக் கடித்தேன். மேலே பறந்து எங்களை வெருட்டியது எதுவோ, அதன் குட்டி உருவத்தைக் கவ்விக்கொண்டு கிடக்கிறோம் என்பது அப்போது எனக்கு வேடிக்கையாகத் தெரியவில்லை. எனக்குப் பதின்மூன்று வயது. இன்று பல் கட்டுவது என் தொழில். இப்போது நினைத்துப் பார்க்கையில், அந்தச் சிறகில் பதிந்திருந்தவை என் மேல்வாயின் முன்பற்கள் இரண்டும்தான். அதில் ஒன்று கொஞ்சம் திரும்பியது.

வட்டுக்கோட்டையில், வயல் தொடங்குகிற இடத்துக்குச் சற்று உள்ளே எங்கள் வீடு. இப்போதும் அதே வீட்டில்தான் இருக்கிறேன். யுத்தம் நடந்த அந்தக் காலத்தில் எங்கள் ஒழுங்கையில், அந்த ஒடுங்கிய தெருவில், எந்தச் சிறுவனும் விமானங்களைச் சத்தத்தை வைத்தே பிரித்துச் சொல்லுவான். வேகமாக வந்து, பதிந்து, குத்திவிட்டுப் போவது பொம்மர். உயரத்தில் மெதுவாக, பாரம் ஏற்றிய வண்டி கல்றோட்டில் போவதுபோல உறுமிக்கொண்டு வருவது சகடை. யார் அந்தப் பெயரை வைத்தார்களோ தெரியாது. ஊர் முழுக்க அதுதான் பெயர். சகடை சாமான் ஏற்றுகிற விமானம்தான். ஆனால் அது குண்டும் போட்டது. பொம்மருக்குப் பயந்ததைவிட நாங்கள் சகடைக்குக் கூடப் பயந்தோம். பொம்மர் வந்த அலுவலை முடித்துவிட்டுப் போய்விடும். சகடை தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே நிற்கும், எப்போது போடும் என்று தெரியாது.

எங்கள் பங்கர் பின்வளவில், மாமரத்துக்குக் கீழே இருந்தது. அதற்குள் ஐந்து பேர் போவோம்: அப்பா, அம்மா, நான், முன்வீட்டு அக்கா, அவவின் ஆறு வயது மகள். முன்வீட்டு அக்காவின் கணவர் வெளிநாட்டில் வேலைக்குப் போயிருந்தார். அங்கே இருந்தது பெண்ணும் பிள்ளையும்தான் என்பதால், எங்கள் பங்கரே அவர்களுக்கும் பங்கர். ஆறாவது ஆள் சின்னம்மா. அம்மாவின் தங்கை, கலியாணம் செய்யாதவ, ஆஸ்பத்திரியில் நேர்ஸ். நேர்ஸ்மாரை ஊரில் மிஸி என்று கூப்பிடுவதால் எங்கள் ஒழுங்கைக்கே அவ மிஸிதான். சின்னம்மா பங்கருக்குள் வருவதில்லை. கிணற்றடியில் நின்று, நெற்றியில் கையை வைத்துக்கொண்டு, மேலே பார்ப்பா. விமானம் எங்கே திரும்புகிறது, எங்கே பதிகிறது, எதைப் போடுகிறது என்று அங்கிருந்து சத்தமாகச் சொல்லுவா. “கடற்கரைப் பக்கம் போறான். இஞ்சாலை இல்லை. பயப்பிடாதையுங்கோ!” எல்லாம் முடிந்தபிறகு, “போட்டிட்டான், போயிட்டான். இனி வாங்கோ வெளியிலை!” என்பா. இருட்டுக்குள் மண் வாசத்தோடு கிடக்கிற எங்களுக்கு அந்தக் குரல் போதும். அப்பா பலமுறை பேசிப் பார்த்தார், உள்ளே வந்து கிட என்று. “ஒராள் பாக்கவேணும் அத்தான். பாக்காமல் கிடந்தால் பயத்திலையே செத்திடுவம்” என்று மறுத்துவிட்டா. ஆஸ்பத்திரியிலும் அவ அப்படித்தான் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஊசியைக் கண்டு நடுங்குகிறவரிடம், “ஒண்டும் இல்லை ஐயா, எறும்பு கடிச்ச மாதிரி” என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் குத்துவாவாம்.

ஒருநாள் மத்தியானம் சகடை வந்தது. முன்வீட்டு அக்கா அடுப்பில் புட்டு வைத்துவிட்டு, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தா. தூரத்தில் ஒரு பெரிய வெடிச்சத்தம் கேட்டது. மாமரத்து இலைகள் உதிர்ந்தன. உறுமல் மெல்ல மெல்லத் தேய்ந்து, கடல் பக்கமாகப் போனது. “போட்டிட்டான், போயிட்டான். இனி வாங்கோ வெளியிலை!” என்று சின்னம்மா கூப்பிட்டா. முன்வீட்டு அக்கா முதல் ஆளாக எழுந்தா. “புட்டு அடிப்பிடிக்கப் போகுது” என்றபடி மகளின் கையைப் பிடித்து இழுத்தா. மகளோ என்னுடைய விமானத்தை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டிருந்தாள். நான் இந்தப் பக்கத்துச் சிறகைப் பிடித்திருந்தேன், அவள் அந்தப் பக்கத்தை. “சரி, நீ தம்பியோடை இருந்து வா” என்று விட்டுவிட்டுத் தாய் போனா. சகடை கடலுக்கு மேலே ஒரு வட்டம் அடித்துத் திரும்பி வந்ததை, அடுத்த வெடிச்சத்தம் கேட்டபிறகுதான் உணர்ந்தோம். குண்டு முன்வீட்டு முற்றத்தில் விழுந்தது. சின்னம்மாதான் முதலில் ஓடினா. நேர்ஸுக்குச் செய்வதற்கு அங்கே ஒன்றும் இருக்கவில்லை.

அந்த விமானத்தை நான் அடுப்பில் போட்டேன். யாரும் சொல்லிச் செய்யவில்லை. பிறகு விமானம், கப்பல், பீரங்கி பூட்டிய ராங்கி எதையும் நான் செதுக்கவில்லை. ஒரு பிள்ளையைக் காப்பாற்றியது என்னுடைய பிடிவாதம் என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தா. எனக்கு அது ஆறுதலாக இருக்கவில்லை, கூச்சமாக இருந்தது. ஆனால் என்னைப்பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. நான் சிறுவன், மறந்துவிட்டு வளர்ந்தேன். மறக்காதது சின்னம்மா. அன்றைக்குப் பிறகு அவ யாரிடமும் “ஒண்டும் இல்லை” என்று சொன்னதை நான் கேட்டதில்லை. அடுத்த முறை விமானம் வந்தபோது பங்கருக்குள் எங்களோடு குப்புறக் கிடந்தா. ஆஸ்பத்திரியில், “மிஸி, அம்மாவுக்குச் சுகம் வருமோ?” என்று கேட்டவர்களிடம், “டொக்டரிட்டைக் கேளுங்கோ” என்றா. ஓய்வு பெறும்வரை அதே பதில்தான். வீட்டில் அம்மா, “மழை வருமோடி?” என்று கேட்டால்கூட, வானத்தைப் பார்க்காமலே, “எனக்குத் தெரியாது” என்பா. பஸ் வருமா, கறிக்கு உப்புக் காணுமா, எல்லாவற்றுக்கும் அதே இரண்டு சொல். நாங்கள் அதைப் பகிடியாக்கி வைத்திருந்தோம். வீட்டில் யாருக்காவது ஒன்று தெரியாவிட்டால், “சின்னம்மாவிட்டைக் கேள், அவவுக்கு நல்லாத் தெரியாது” என்போம்.

ஒருமுறைதான் அந்தப் பதில் எனக்குச் சுட்டது. என் மனைவிக்கு முதற்பிரசவம். வலி கண்டு ஒரு பகல் போய்விட்டது, பிள்ளை வரவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் சின்னம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, “சின்னம்மா, ஒண்டும் நடக்காதுதானே?” என்று கேட்டேன். எத்தனையோ பிரசவம் பார்த்த கை அது. ஒரு பொய் சொல்லியிருக்கலாம். “தெரியாது தம்பி” என்றா. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் சுகமாக வீடு வந்து, மாதக்கணக்காகியும் நான் சின்னம்மாவோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. இன்றைக்கு அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. என்னிடம் பொய் சொல்லக்கூடாது என்ற வைராக்கியத்தால் அவ அப்படிச் சொல்லவில்லை. “ஒண்டும் இல்லை” என்கிற சொல்லே அவவின் வாயில் இல்லாமல் போய்விட்டிருந்தது.

நான் மறுபடி விமானம் கட்டத் தொடங்கியது ஒரு விருந்தாளியால். நல்லூர்த் திருவிழாவுக்குக் கனடாவிலிருந்து வந்த உறவினரின் மகன், பாதி ஒட்டிய ஒரு பிளாஸ்டிக் போர்விமானத்தை எங்கள் வீட்டு மேசையில் விட்டுவிட்டுப் போய்விட்டான். பெட்டிக்குள் சின்னச் சின்னப் பாகங்கள், இலக்கம் போட்ட படங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சும்மா எடுத்துப் பார்த்தேன். இருட்டியபிறகுதான் எழுந்தேன். பல் கட்டுகிறவனுக்கு வேண்டிய எல்லாமே அங்கே இருந்தது: நுண்ணிய அரம், மெழுகுக் கத்தி, நடுங்காத விரல். இரண்டு துண்டுக்கு நடுவில் இடைவெளி விழுந்தால், பல்லின் முரசுக்கு, அதாவது ஈறுக்கு, போடுகிற அக்கிரிலிக்கைக் குழைத்து அடைத்தேன். அதனால் என் விமானங்கள் எல்லாம் பெயின்ற் அடிக்கும்வரை இளஞ்சிவப்பு முரசோடு நிற்கும். “ஊருக்குப் பல்லுக் கட்டினது காணாதெண்டு இப்ப பிளேனுக்கும் கட்டுறியளே?” என்று மனைவி கேட்டாள். அதற்குப் பிறகு இணையத்தில் பெட்டிகள் வாங்கத் தொடங்கினேன். பார்சல் கொண்டுவருகிற பெடியன், “அண்ணை, உங்கடை யுத்தம் வந்திருக்கு” என்று கேற்றடியில் நின்று கூப்பிடுவான். யாரோ யாரோடோ எங்கேயோ சண்டைபிடித்த விமானங்கள், ராங்கிகள், ஒரு கப்பல். எதுவும் என் தலைக்கு மேலே பறந்தவை அல்ல. அதனால் கை கூசவில்லை.

பிறகு ஒருநாள் சகடையைச் செய்யவேண்டும் என்று தோன்றியது. ஏன் என்று என்னைக் கேட்டால், சின்னம்மாவின் பாணியில் தெரியாது என்றுதான் சொல்லவேண்டும். முப்பத்தைந்து வருடமாக அந்தச் சாமான் என் தலைக்கு மேலே நிற்கிறது. ஒருதரம் கையில் பிடித்துப் பார்க்க விரும்பினேன் போலும். அதே வகை விமானத்தின் சாதாரண சாமான் ஏற்றும் வடிவம் ஒரு பெட்டியில் கிடைத்தது. உண்மை அளவில் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. சின்னம்மா எங்களோடுதான் இருக்கிறா என்பதால், என் வேலை அறையில் ஒரு துணியால் மூடி வைத்துக்கொண்டு கட்டினேன். முடித்ததும், என்னைப் போன்ற கிறுக்கர்கள் கூடுகிற ஓர் இணையக் குழுவில் படங்களைப் போட்டேன். தெற்கில் இருக்கிற ஒரு சிங்களவர் பதில் எழுதினார். ஒரு காலத்தில் விமானப்படையின் விமானங்களுக்கு வர்ணம் பூசுவது அவர் தொழிலாம். அவர் எழுதியதன் சாரம் இது: வயிற்றுப்பக்கத்தை இவ்வளவு சரியாகச் செய்த ஒருவரை நான் கண்டதில்லை, எண்ணெய் வடிந்த கறைகூட இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது, ஆனால் முதுகு முழுக்கப் பிழை, அந்த விமானம் அப்படி இருக்கவே இல்லை, நீங்கள் எங்கே பார்த்துச் செய்தீர்கள்?

அதைப் படித்துவிட்டு விமானத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். முதுகுக்குப் படம் தேடிப் பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அந்த விமானத்தை எனக்குத் தெரியாதா என்ற திமிர். எனக்குத் தெரிந்தது வயிறு மட்டும்தான். எங்கள் ஊரில் எவருக்கும் அது மட்டும்தான் தெரியும். மேற்பக்கத்துக்கு நான் ஏதோ ஒரு சாம்பல் நிறத்தை மனம்போனபடி அடித்திருந்தேன். “கீழே நின்று பார்த்தேன்” என்று அவருக்கு எழுதினேன். இரண்டு நாள் போனது. பிறகு, தன் கையால் வரைந்த ஒரு படத்தை அனுப்பியிருந்தார்: முதுகின் பச்சையும் மண்ணிறமும் எங்கே தொடங்கி எங்கே முடியும், பக்கக் கதவு எவ்வளவு அகலம் என்றெல்லாம் குறித்து. கடைசியில் ஒரு வரி: “நான் பெயின்ற் மட்டும்தான் அடித்தேன்.” தெரியும் என்று பதில் எழுதினேன். நன்றியும் சொன்னேன். அதை மனதாரத்தான் சொன்னேன்.

அந்தக் கதவைப்பற்றி அவரிடம் கேட்டேன். பறந்தவர்கள் சொல்லக் கேட்டதை அவர் சொன்னார். குண்டைப் பலகையில் வைத்து, ஆள்கள் கையால் உருட்டி, கதவால் தள்ளுவார்களாம். சிலவேளை ஒன்று போய், மற்றது இறுகி நின்றுவிடும். அப்போது விமானம் ஒரு பெரிய வட்டம் அடித்து வரும், அதற்குள் அதை இளக்கி எடுத்துத் தள்ளுவார்கள். உள்ளே எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கீழே நிற்கிற எவராலும் சொல்லமுடியாது. இதைப் படித்ததும் எனக்கு ஒரு வெறி வந்துவிட்டது. முதுகைச் சுரண்டி எடுத்து, அவர் சொன்னபடி திருப்பிப் பூசினேன். கதவைத் திறந்து வைத்தேன். உள்ளே ஒரு பலகையும், அதில் சுண்டுவிரல் நகம் அளவில் இரண்டு பீப்பாக் குண்டுகளும் வைத்தேன். இதைச் சின்னம்மாவுக்குக் காட்டவேண்டும். உங்களில் ஒரு பிழையும் இல்லை, அன்றைக்குக் கிணற்றடியில் யார் நின்றிருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள் என்று ஆதாரத்தோடு சொல்லவேண்டும். அவவின் வாயில் அந்தச் சொல்லைத் திருப்பி வைக்கலாம் என்று நினைத்தேன். பல் கட்டுகிறவனின் புத்தி.

நான் நாள் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவவே வந்துவிட்டா. கீழ்ப்பல்லு உறுத்துது என்று கழற்றிக் கையில் கொண்டு வேலை அறைக்குள் வந்தா. மேசையில் துணி மூடாமல் இருந்தது சகடை. சின்னம்மா அதைப் பார்த்துவிட்டு, “சகடையே?” என்றா. அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. நான் கதிரையை இழுத்துப் போட்டு இருத்தினேன். கதவைக் காட்டினேன், பலகையைக் காட்டினேன், இரண்டு பீப்பாவையும் ஊசியால் தொட்டுக் காட்டினேன். ஒரு வழக்கறிஞரைப்போலப் பேசினேன். பல் இல்லாமல் உள்ளே போன வாயோடு, கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, முழுவதையும் பொறுமையாகக் கேட்டா. பிறகு விமானத்தைக் கவனமாகத் தூக்கி, திருப்பி, அதன் முதுகை வெகுநேரம் பார்த்தா. “இதையும் ஆரோ இருந்து வடிவாப் பூசியிருக்கினம்” என்றா.

“சின்னம்மா, கீழை நிண்ட ஆருக்கும் அது தெரிஞ்சிருக்காது. அதைத்தான் சொல்லுறன்.”

“ஓம் தம்பி. நீ சொல்லுறது சரி. எனக்குத் தெரியாதுதான்.” விமானத்தை மேசையில் வைத்தா. “தெரியாமல்தானே, தெரிஞ்ச ஆள் மாதிரிக் கூப்பிட்டனான். அவளும் நம்பி எழும்பிப் போனவள்.”

என் ஆதாரம் முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தில் கவிழ்ந்தது. கணக்குப் பிழைத்துவிட்டது என்று அவ ஒருநாளும் வருந்தவில்லை. தன்னுடைய குரலை ஒருத்தி நம்பினாள் என்பதுதான் அவவின் துயரம். அதற்கு எந்தக் கதவையும் திறந்து காட்டமுடியாது. நான் பல்லை வாங்கி, உறுத்துகிற இடத்தைத் தேய்த்துக் கொடுத்தேன். போட்டுப் பார்த்துவிட்டு, “இப்ப சரி” என்று எழுந்து போனா. எனக்கு அழுகை வந்தது.

அதற்குச் சில கிழமைகளுக்குப் பிறகு, ஒரு காலைநேரம், முன்வீட்டுப் பிள்ளை வந்தாள். ஆறு வயதில் என் விமானத்தை விடமாட்டேன் என்று இழுத்தவள்தான். மாமி முறையான ஒருவர் வளர்த்து, அதே வீட்டிலேயே தையல் தைத்து, இப்போது அவளுக்கும் நாற்பது தாண்டிவிட்டது. சின்னம்மாவின் சட்டைகள் எல்லாம் அவள் தைப்பதுதான். ஆனால் அளவு எடுக்கும்போதுகூடச் சின்னம்மா அவள் முகத்தை நேரே பார்க்கமாட்டா. அவளுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்கவேண்டும், மறுநாள் ஒப்பரேஷன். ஓட்டோ ஒழுங்கையில் நின்றது. கையில் உடுப்புப் பையோடு வேலை அறை வாசலில் நின்று, என்னோடு இருந்த சின்னம்மாவிடம், “மிஸி மாமி, எனக்குப் பயமாக்கிடக்கு. ஒண்டும் நடக்காதுதானே?” என்று கேட்டாள்.

நான் கையில் இருந்த அரத்தைக் கீழே வைத்தேன். என்ன பதில் வரும் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்கு அது எப்படி இருக்கும் என்பதும் தெரியும். அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அதே பதிலை வாங்கிக்கொண்டு நின்றவன் நான். இடையில் புகுந்து நானே ஏதாவது சொல்லிவிடலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் சின்னம்மா கதிரையின் கையைப் பிடித்து எழுந்து, வாசலுக்குப் போய், அவளுடைய முகத்தை இரண்டு கையாலும் பிடித்தா. முகத்தை நேரே பார்த்தா.

“ஒண்டும் நடக்காது பிள்ளை. நான் சொல்லுறன். பயப்பிடாமல் போயிட்டு வா.”

“நீங்கள் சொன்னால் சரி மாமி” என்றாள் அவள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, ஒருமுறை திரும்பிச் சிரித்துவிட்டுப் போனாள்.

ஓட்டோச் சத்தம் ஒழுங்கை முடியும்வரை சின்னம்மா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றா. மெல்லத் திரும்பி வந்தா. கதிரையில் இருத்தித் தண்ணீர் கொடுத்தேன். குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தா.

“தம்பி, அவளுக்கு ஒண்டும் நடக்காதுதானே?”

“நடக்காது சின்னம்மா” என்றேன். எனக்கும் அது தெரியாது.